பவுடர் அக்காவின் மகள் வெளுத்த கதை

பவுடர் அக்கா முகத்துக்குப் பவுடர் போட்டு யாரும் பார்த்ததில்லை. கடை வைப்பதற்கு முன்னால், ஒரு தோள்பையில் பவுடர் டப்பாவும் சோப்பும் கண் மையும் அடைத்துக்கொண்டு மாடி மாடியாக ஏறி இறங்கி விற்ற காலத்தில் ஒட்டிக்கொண்ட பெயர் அது. கதவைத் திறக்கிற பெண்கள் உள்ளே திரும்பி, "ஏய், பவுடர் அக்கா வந்திருக்கு" என்று கத்துவார்கள். பிறகு அவள் நூல் பிடித்துப் புருவம் எடுக்கக் கற்றுக்கொண்டாள், ஃபேஷியல் கற்றுக்கொண்டாள், முடி வெட்டக் கற்றுக்கொண்டாள், கடையும் போட்டாள். கடை வாசலில் வாயில் நுழையாத ஒரு ஸ்டைலான பெயர் எழுதியிருக்கிறது. அதை ஒருவரும் படித்ததில்லை. இன்றைக்கும் அவள் பவுடர் அக்காதான்.

கடை, செருப்புக் கடைக்கு மேலே இரண்டாவது மாடியில். ஒரே அறை. சாய்கிற நாற்காலி ஒன்று, சாய மறுக்கிற நாற்காலி ஒன்று, சுவர் அகலத்துக்குக் கண்ணாடி, மூலையில் ஒரு குட்டி ஃப்ரிட்ஜ். அதற்கு நேர் மேலே, மூன்றாவது மாடியில் வீடு. புருஷன் லிஃப்ட் மெக்கானிக். "ஊர்ல இருக்கிறவனையெல்லாம் மேல தூக்கிவிடறேன், என் வீட்டுக்கு நான் மூச்சு வாங்கிக்கிட்டு ஏறறேன் பாருங்க" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். சொல்லி முடிப்பதற்குள் முதலில் சிரிப்பவரும் அவர்தான்.

ஒரே மகள். பத்தாம் வகுப்பு. வயது ஏறிக்கொண்டே போனாலும் வீட்டில் அவள் பாப்பா.

பவுடர் அக்காவின் கை சுத்தம், வாய் நீளம். நூலை உதட்டில் கடித்துக்கொண்டே ஊர்க்கதை முழுக்கப் பேசிவிடுவாள், ஒரு முடி பிசகாது. சரும விஷயத்தில் அவள் சொன்னால் அந்தத் தெருவுக்கு அதுதான் தீர்ப்பு. இதற்கெல்லாம் மேலே, அவளே கலந்து டப்பாவில் அடைத்து விற்கிற ஒரு க்ரீம் இருந்தது. பாலாடை, கற்றாழை, பன்னீர், இன்னும் அவள் சொல்ல மறுக்கிற ஒன்றிரண்டு சாமான்கள். பூசினால் வெளுக்கும் என்பாள். ரொம்ப நாளாக அது ஏனோதானோ என்றுதான் விற்றுக்கொண்டிருந்தது.

அப்புறம் பாப்பா வெளுத்தாள்.

மாநிறத்துப் பெண். ஒன்பதாம் வகுப்பு பாதியில் ஆரம்பித்து, கண்ணெதிரே வெளுத்துக்கொண்டே வந்தாள். கன்னம் வெளுத்தது, கை வெளுத்தது, காது மடல்கூட வெளுத்தது. அவளுக்கும் அம்மா அந்த க்ரீமைத்தானே தினமும் அப்பிக்கொண்டிருந்தாள்! பவுடர் அக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை. வாடிக்கைக்காரி யாராவது விலையைக் கேட்டு முகத்தைச் சுளித்தால் போதும், படிக்கட்டுப் பக்கம் தலையை நீட்டி, "பாப்பா, ஒரு நிமிஷம் கீழ வாடி" என்று குரல் கொடுப்பாள். பெண் வந்து நிற்பாள். வேறு பேச்சே வேண்டாம், டப்பா விற்றுவிடும். தெருமுனைத் துணிக்கடைக்காரம்மா அதைப் பார்த்துவிட்டுத் தன் மகளுக்கு ஒரே தடவையில் கை நிறைய டப்பா வாங்கிப் போனாள். போனதோடு விட்டாளா, துணி எடுக்க வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி இன்னும் பத்துப் பேரை அனுப்பிவைத்தாள். அவள் மகளும் பாப்பாவும் ஒரே வகுப்பு. இந்த வெளுப்புப் பைத்தியத்தைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது, அதனால் ஆரம்பிக்கவில்லை.

இதில் மாத்திரைக் கதை ஒன்று உண்டு. தெருக்கோடியில் இருக்கிற பெண்கள் பள்ளிக்கூடத்தில் வாரம் ஒரு நாள் ஆளுக்கொரு இரும்புச்சத்து மாத்திரை கொடுப்பார்கள். சுகாதார நிலையத்து நர்ஸ் வந்து, மாதா மாதம் ரத்தம் போகிற வயசில் இது ஏன் வேண்டும் என்று வகுப்பு வகுப்பாகத் தொண்டை கிழியப் பேசிவிட்டுக் கொடுத்துவிட்டுப் போவார். பிள்ளைகள் அவருக்கு ஊசி மேடம் என்று பேர் வைத்திருந்தார்கள். பாப்பா முதல் மாத்திரையை வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டியபோது பவுடர் அக்கா அதை வாங்கி ஜன்னல் வழியாக விட்டெறிந்தாள். பவுடர் விற்ற நாளில், கர்ப்பிணிப் பெண்கள் இந்த மாத்திரை போட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று ஏதோ ஒரு வாசலில் யாரோ சொன்னது அவள் காதில் தங்கிவிட்டது.

"இரும்பு என்ன கலர்? கறுப்பு. அதைத் தின்னா உடம்பு வேற என்ன கலர் ஆகும்? அறிவிருக்கா இவங்களுக்கு? நான் இங்க கஷ்டப்பட்டு வெளுக்க வைக்கிறேன், அவங்க அங்க கறுக்க வைக்கிறாங்க."

இதை மகளிடம் மட்டும் சொல்லியிருந்தால் பரவாயில்லை. நாற்காலியில் சாய்ந்த அத்தனை பேரிடமும் சொன்னாள். தாய்மார்கள் வீட்டுக்குப் போய்ச் சொன்னார்கள். பிள்ளைகளுக்கு எப்படா சாக்குக் கிடைக்கும் என்று இருந்தது. மாத்திரையை வாங்கி, நாக்குக்கடியில் அடக்கி, ஊசி மேடம் திரும்பியதும் பெஞ்சுக்கடியில் துப்பிவிட்டார்கள்.

வெளுத்த பெண்ணுக்கு வேறு சில மாற்றங்களும் வந்தன. பவுடர் அக்கா ஒவ்வொன்றுக்கும் கையோடு ஒரு விளக்கம் வைத்திருந்தாள். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் இரண்டாவது மாடியிலேயே கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள்: சோம்பேறி. சாயங்காலம் யூனிஃபார்மோடு தூங்கிவிடுவாள்: போன் பார்த்துப் பார்த்துக் கண் அசருகிறது. சீப்பில் கொத்துக் கொத்தாக முடி: தண்ணீர் சரியில்லை, எண்ணெய் மாற்றினால் சரியாகும். நகம் தகடு தகடாக உடைகிறது: அதற்கென்ன, இரண்டு கோட் பாலிஷ் போட்டால் தெரியாது. கணக்கில் எப்போதும் முதல் ஐந்துக்குள் வருகிறவள் பாஸாகத் திணறினாள்: வயசுக் கோளாறு. ஃபேஷியலுக்காகத் தட்டில் உறையவைத்த ஐஸை ஒன்று விடாமல் எடுத்து நறுக் நறுக்கென்று கடித்துத் தின்றாள்: குழந்தைப் புத்தி. காலையில் பள்ளிக்கூடம் போகும்போது வெறும் டீயோடு ஓடினாள்: நல்லதுதான், குண்டடிக்க மாட்டாள். பெற்ற தாய்க்குக் கண் தெரியவில்லை என்று சொல்ல மாட்டேன். மயிரிழை தப்பாமல் பார்க்கிற கண் அது. பார்த்ததெல்லாம் அவளுக்கு அழகாகவே தெரிந்தது, அதுதான் வினை.

ஒரு சனிக்கிழமை மதியம் ஊசி மேடம் புருவம் எடுக்க வந்தார். பள்ளிக்கூடத்துக்கு வருகிற நர்ஸ்தான் இவர் என்று பவுடர் அக்காவுக்குத் தெரியாது. புதிதாக வந்த ஒரு வாடிக்கைக்காரி, அவ்வளவுதான். சாய்த்துப் படுக்கவைத்து ஒரு புருவத்தை முடித்து அடுத்ததற்கு நூல் சுற்றினாள். ஃப்ரிட்ஜ் பக்கத்திலிருந்து நறுக்கென்று சத்தம் கேட்டது. மறுபடியும் நறுக்.

"என்ன சத்தம் அது?" என்றார் ஊசி மேடம், கண்ணைத் திறக்காமல்.

"எங்க பாப்பாதான் மேடம். முகத்துக்கு வெச்சிருக்கிற ஐஸையெல்லாம் எலி மாதிரி கடிச்சுத் தீத்துடறா."

"எவ்வளவு நாளா?"

"அது ஆச்சு, ஒரு வருஷத்துக்கு மேல. ஐஸ் இல்லேன்னா பைத்தியம் புடிச்ச மாதிரி ஆயிடுவா. எல்லாம் செல்லம்."

ஊசி மேடம் நூலைக் கையால் விலக்கிவிட்டு எழுந்து உட்கார்ந்தார். பாப்பாவைப் பார்த்தார். பாப்பா ஆளை அடையாளம் கண்டுகொண்டு, வாயில் இருந்த ஐஸை அப்படியே விழுங்கினாள்.

"இங்க வாம்மா. மேல பாரு." கீழ் இமையை விரலால் இழுத்துப் பார்த்தார். உதட்டை மடித்துப் பார்த்தார். "கையக் காட்டு."

பத்து விரலிலும் பளபளவென்று ரோஸ் பாலிஷ்.

"இதை அழிங்க" என்றார் பவுடர் அக்காவைப் பார்த்து.

"ஐயோ, இப்பத்தான் மேடம் போட்டேன்."

"அழிங்கன்னா அழிங்க."

பவுடர் அக்கா முணுமுணுத்துக்கொண்டே பஞ்சை ரிமூவரில் நனைத்துத் துடைத்தாள். உள்ளே இருந்த நகம் மெழுகு மாதிரி வெளுத்திருந்தது. மேடாக வளைந்து இருக்க வேண்டிய நகம் நடுவில் குழிந்து கிடந்தது. ரிமூவர் ஒரு சொட்டு அந்தக் குழியில் விழுந்தது, வழியாமல் அங்கேயே நின்றது. ஆயிரம் பேர் நகத்துக்குச் சாயம் பூசிய கைகள் அவளுடையவை. இப்படி ஒரு நகத்தை அவள் பார்த்ததில்லை. மகளுடைய நகத்தைப் பாலிஷ் இல்லாமல் பார்த்தே எத்தனை மாதம் ஆகிறது என்பதும் அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"உங்க பொண்ணு கலர் ஆகலம்மா. உடம்புல ரத்தம் இல்ல. சோகை. அதுவும் கொஞ்ச நஞ்சம் இல்லன்னு நினைக்கிறேன்" என்றார் ஊசி மேடம். பாப்பாவிடம் திரும்பி, "நான் வாரா வாரம் மாத்திரை குடுக்கறேனே, போடறியா இல்லையா?" என்றார்.

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். அம்மா பஞ்சைப் பார்த்தாள்.

"அம்மா போடக்கூடாதுன்னு சொன்னாங்க மிஸ். போட்டா கறுத்துடுவேனாம்."

ஊசி மேடம் பவுடர் அக்கா பக்கம் திரும்பினார். "ஓ, அந்தப் புண்ணியவதி நீங்கதானா?" என்றார். "ஒவ்வொரு வாரமும் கூட்டறவங்க பெஞ்சுக்கடியில இருந்து மாத்திரையை அள்ளி அள்ளிக் கொட்டறாங்க. கேட்டா ஒருத்தியும் வாயத் திறக்க மாட்டேங்கறா. எவ சொல்லிக்குடுத்தாளோன்னு தேடிக்கிட்டே இருந்தேன். திங்கட்கிழமை காலையில பொண்ணைக் கூட்டிக்கிட்டு வாங்க. ரத்தம் பாக்கணும்."

பணத்தை மேசையில் வைத்துவிட்டு, எடுத்த புருவம் ஒன்றும் எடுக்காத புருவம் ஒன்றுமாக அவர் படியிறங்கிப் போனார். சிரிக்க வேண்டிய காட்சிதான். அந்த அறையில் யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

திங்கட்கிழமை பார்த்தார்கள். ஹீமோகுளோபின் குறைந்தது பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஏழுதான் இருந்தது. இன்னும் கொஞ்சம் இறங்கியிருந்தால் ரத்தம் ஏற்ற வேண்டி வந்திருக்கும் என்றார் டாக்டர். இருக்கிற கொஞ்ச ரத்தத்தை வைத்துக்கொண்டு இதயம் ஓட்டமாக ஓடுகிறது, அதனால்தான் படியேறினால் படபடப்பு என்றார். மாதவிலக்கு எப்படி என்று கேட்டார். பாப்பா தயங்கித் தயங்கிச் சொன்னாள். எட்டு நாள், ஒன்பது நாள் போகும். பள்ளிக்கூடத்தில் ஒவ்வொரு பீரியடுக்கும் எழுந்து போவதால் டீச்சர் திட்டுவார். படுக்கும்போது இரண்டு பேடு வைத்துக்கொள்வாள்.

"ஏண்டி எங்கிட்ட சொல்லல?" என்றாள் பவுடர் அக்கா.

"எல்லாருக்கும் அப்படித்தான்னு நினைச்சேன்."

உலகத்தில் யார் வீட்டு ரகசியமும் தெரியும் பவுடர் அக்காவுக்கு. இது தெரியவில்லை.

டாக்டர் எழுதிக்கொடுத்தார்: பூச்சி மாத்திரை, தினமும் இரும்பு மாத்திரை, ரத்தப்போக்குக்குத் தனியாக ஒரு டாக்டர். மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அப்புறம் போட வேண்டும், டீயோடு கூடவே கூடாது, டீ அந்தச் சத்தை உடம்பில் சேரவிடாது, எலுமிச்சையோ கொய்யாவோ சேர்த்துக்கொண்டால் நன்றாகப் பிடிக்கும், ரத்தம் ஏறிவிட்டது என்று பாதியில் நிறுத்தக் கூடாது என்று ஊசி மேடம் பக்கத்தில் உட்காரவைத்துச் சொன்னார். பவுடர் அக்கா தலையை ஆட்டினாள். பாதிதான் காதில் ஏறியது. ஏழு, ஏழு என்றுதான் தலைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது இரண்டாவது மாடியில் பாப்பா வழக்கம்போலக் கைப்பிடியைப் பிடித்து நின்றாள். பவுடர் அக்கா படியில் உட்கார்ந்தாள். மகளையும் பக்கத்தில் இழுத்து உட்காரவைத்துக்கொண்டு, போகிறவர் வருகிறவர் பார்ப்பார்களே என்றுகூட நினைக்காமல் வாய்விட்டு அழுதாள். "உன்னைச் சோம்பேறின்னு சொன்னேனேடி. இந்த வாயால சொன்னேனே." லிஃப்ட் மெக்கானிக் சாயங்காலம் வந்து விஷயத்தைக் கேட்டுவிட்டு வெகு நேரம் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தார். "எனக்கு மூச்சு வாங்குதுன்னு ஊரெல்லாம் ஜோக் சொல்லிக்கிட்டு இருந்தேன். இவளுக்கு வாங்கினது தெரியலையே" என்றார். அன்றோடு அந்த ஜோக் செத்தது.

மாத்திரை ஆரம்பித்த நாலாம் நாள் காலையில் குளியலறைக்குள்ளிருந்து ஒரு அலறல்.

"அம்மா! எல்லாம் கறுப்பா போகுதும்மா!"

பவுடர் அக்கா ஓடினாள். பார்த்தாள். தார் மாதிரி கறுப்பு. உள்ளே கறுத்தாகிவிட்டது, இனி வெளியே வர எவ்வளவு நேரம் பிடிக்கும்? மாத்திரை அட்டையை அப்படியே கசக்கிக் குப்பைக் கூடைக்கு மேலே நீட்டினாள். போடத்தான் போனாள். மகளின் குழிந்த நகம் ஞாபகத்துக்கு வந்து, கையை இழுத்துக்கொண்டு ஊசி மேடத்துக்குப் போன் போட்டாள்.

"அன்னைக்கே சொன்னேனேம்மா, காது எங்க இருந்தது?" என்றார் மேடம். "உடம்பு எடுத்துக்கிட்டது போக மிச்ச இரும்பு மலத்துல அப்படித்தான் போகும். அது தோலுக்குப் போகாது. நிறுத்தினீங்கன்னா நேரா வீட்டுக்கு வந்துடுவேன்."

நிறுத்தவில்லை. காலை டீ போய், முட்டையும் பருப்பும் வந்தன. வாரத்தில் இரண்டு நாள் ஈரல், மற்ற நாளில் கீரை, கூடவே ஒரு கொய்யா. பாப்பா மூக்கைப் பிடித்துக்கொண்டு விழுங்கினாள். முதலில் ஐஸ் ஆசை போயிற்று, அதுவாகவே. தட்டில் ஐஸ் நிறைந்து கிடப்பதைப் பார்த்துப் பவுடர் அக்காவே அதிசயப்பட்டாள். பிறகு ஒரு நாள், வேலைக்குப் போன இடத்திலிருந்து சீக்கிரம் வந்த அப்பாவைப் படிக்கட்டில் தாண்டிக்கொண்டு ஓடினாள் பாப்பா. கணக்கில் பழைய இடத்துக்குப் பக்கமாக வந்தாள். மாதவிலக்குக்கும் மருந்து கிடைத்து மட்டுப்பட்டது.

அதோடு அவள் நிறமும் திரும்பியது. பழைய மாநிறம். கன்னத்தில் உயிர் வந்தது, உதடு உதடு மாதிரி ஆயிற்று. பெற்றவளுக்கு இதைவிட என்ன வேண்டும்? சொல்லப்போனால் அங்கேதான் சிக்கல் ஆரம்பித்தது. கடைக்கு வருகிறவர்களுக்கும் கண் இருக்கிறதே.

"என்ன, பொண்ணு திடீர்னு கறுத்துட்டா? க்ரீம் போடலையா?"

முதல் தடவை கேட்டபோது பவுடர் அக்கா, "வெயில்ல அலையறா, சொன்னா கேக்கறாளா?" என்று சமாளித்தாள். இரண்டாவது தடவை, "பரீட்சை நேரம், க்ரீம் பூச எங்க நேரம்?" என்றாள். மூன்றாவதாக ஒருத்தி வருகிற சத்தம் படியில் கேட்டதும், கண்ணாடி முன்னால் உட்கார்ந்து தலை வாரிக்கொண்டிருந்த மகளிடம் மெதுவாகச் சொன்னாள்: "பாப்பா, நீ மேல போய் இரேன்."

பாப்பா சீப்பைக் கீழே வைத்தாள்.

"வெளுப்பா இருந்தப்ப கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினே. இப்ப மேல போகச் சொல்றே" என்றாள். "செத்துப் போயிருந்தா இன்னும் வெளுப்பா இருந்திருப்பேன்ல? கண்ணாடிப் பெட்டியில வெச்சுக் காட்டியிருக்கலாம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். வந்தவளுக்குத் தலைக்கு மருதாணி போட்டு அனுப்பினாள் பவுடர் அக்கா. அவள் போனதும் அலமாரியில் இருந்த க்ரீம் டப்பாக்களை ஒவ்வொன்றாக எடுத்துக் குப்பைப் பையில் போட்டாள். மேலே போய், மகள் கட்டில் ஓரமாக நின்று, "கீழ வாடி. கடையிலதான் இருக்கணும். இனிமே நீ இல்லாம நான் கடை திறக்க மாட்டேன்" என்றாள். பாப்பா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். மறுநாள் வந்தாள்.

அன்றிலிருந்து பவுடர் அக்கா ஆளே மாறிப்போனாள், வாய் மட்டும் மாறவில்லை. அதே வாய் இப்போது எதிர்ப்பக்கம் ஓடியது. புருவத்துக்கு நூல் பிடிக்கும்போது கண்ணுக்கு அரை சாண் தூரத்தில் அவள் முகம் இருக்கும். நூல் மாட்டியிருக்கிறவர்கள் எழுந்து ஓடவும் முடியாது, பதில் பேசவும் முடியாது. "கொஞ்சம் மேல பாரு" என்று கீழ் இமையை இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் நூலையே சுற்றினாள். "காலையில என்ன சாப்பிட்டே? டீயா? டீ சாப்பாடாடி? மாசா மாசம் எத்தனை நாள் போகுது? வெக்கப்படாதே, நான் என்ன ஆம்பளையா? அந்த மாத்திரையத் துப்பினதா கேள்விப்பட்டேன்னா, ஒரு புருவத்தோட அனுப்பிடுவேன்." சில பெண்கள் சிரித்தார்கள். சில தாய்மார்கள், புருவம் எடுக்க வந்தால் புருவம் மட்டும் எடுக்க மாட்டாளா என்று அடுத்த தெருக் கடைக்குப் போய்விட்டார்கள். க்ரீம் கேட்டு வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். கடை ஈ ஓட்டியது.

இதெல்லாம் காதுக்குப் போய், துணிக்கடைக்காரம்மா ஒரு நாள் சாயங்காலம் படியதிர ஏறி வந்தாள். கூடவே மகள். அந்தப் பெண் கடைசிப் படியில் நின்று மூச்சு வாங்கிவிட்டு உள்ளே வந்து, சாய மறுக்கிற நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். நல்ல வெளுப்பு.

"என்ன பவுடரு, க்ரீம் இல்லேன்னு சொல்றியாம்? நான் ஊரெல்லாம் சொல்லி ஆளனுப்புவேன், நீ கடைய இழுத்து மூடுவியா?" என்று ஆரம்பித்தவள், ஓரமாகத் துண்டு மடித்துக்கொண்டிருந்த பாப்பாவைப் பார்த்து நிறுத்தினாள். மேலும் கீழும் பார்த்தாள். "அடிப்பாவி. இவளுக்கு என்ன கேடு வந்தது? இப்படிக் கறுத்துப் போயிருக்கா?"

பாப்பா அம்மாவைப் பார்த்தாள். இந்த முறை பவுடர் அக்கா எதையும் பார்க்கவில்லை, நேராகத் துணிக்கடைக்காரம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"மாத்திரை போட்டா. ஸ்கூல்ல குடுக்கிற அதே இரும்பு மாத்திரை."

"பாத்தியா! நீதானே சொன்னே, போட்டா கறுத்துடும்னு? உன் பொண்ணே சாட்சி! இவளுக்கு இன்னைக்கு வரைக்கும் ஒரு மாத்திரை தொண்டையில இறங்க விடலையே நான், நீ சொன்னதைக் கேட்டு!"

"நான் சொன்னது பொய்யிங்க."

"என்ன பொய்யி? கண்ணால பாக்கறேனே!"

"இவ கறுக்கலம்மா. இவ கலரே இதுதான். நடுவுல வெளுத்திருந்தாளே, அப்பத்தான் செத்துக்கிட்டு இருந்தா. ஏழு இருந்தது ரத்தம். என் க்ரீம் ஒரு மண்ணும் பண்ணல. நான் அதைக் காட்டிக் காசு பாத்தேன், பெத்த பொண்ணு சாகறதைக் காட்டி." பவுடர் அக்கா நாற்காலிப் பக்கம் கையைக் காட்டினாள். "உங்க பொண்ணு கண்ணை இழுத்துப் பாருங்க. படி ஏறி வந்துட்டு எப்படி உக்காந்திருக்கான்னு பாருங்க. உங்க காலைப் புடிச்சுக் கேக்கறேன், இவளுக்கு ரத்தம் பாத்துடுங்க."

துணிக்கடைக்காரம்மாவின் முகத்தில் ஈயாடவில்லை. அப்புறம் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "யாவாரம் படுத்துடுச்சுன்னு புத்தி பேதலிச்சுப் போச்சா உனக்கு? என் பொண்ணு ராஜாத்தி மாதிரி இருக்கா. அவளைப் போய் சாகறா கீகறான்னுட்டு. வாடி!" என்று மகள் கையைப் பிடித்து இழுத்தாள். அந்தப் பெண் எழுந்து, ஒரு கணம் பாப்பாவைப் பார்த்துவிட்டு அம்மாவின் பின்னால் போனாள். செருப்புச் சத்தம் கீழே இறங்கி மறைந்தது.

"விடும்மா" என்றாள் பாப்பா.

"விட முடியாதுடி. நான் சொல்லித்தானே அவ மாத்திரையைத் துப்பினா" என்றாள் பவுடர் அக்கா.

மறுநாள் காலை ஷட்டரைத் தூக்கும்போது துணிக்கடைக்காரம்மா மாடிப்படியில் உட்கார்ந்திருந்தாள். தன் கடையைத் திறக்காமல் வந்திருந்தாள். பக்கத்தில் மகள், அம்மாவின் தோளில் தலை வைத்து அரைத் தூக்கத்தில் இருந்தாள். துணிக்கடைக்காரம்மாவின் கண் வீங்கியிருந்தது. நேற்றைய குரல் எங்கே போயிற்றோ தெரியவில்லை.

"தூங்கும்போது டார்ச் அடிச்சு இமையை இழுத்துப் பாத்தேன்" என்றாள். "காகிதம் மாதிரி இருக்கு பவுடரு உள்ள. என் கண்ணைக் கண்ணாடியில பாத்தேன், செவசெவன்னு இருக்கு. இவளுக்கு ஏன் இல்ல?"

பவுடர் அக்கா அந்தப் பெண்ணின் நெற்றி முடியை ஒதுக்கிவிட்டாள்.

"கறுத்தா கறுத்துட்டுப் போறா. எனக்கு என் பொண்ணு வேணும். எங்க போகணும், சொல்லு."

பவுடர் அக்கா பாதி தூக்கிய ஷட்டரை மறுபடி இறக்கிப் பூட்டினாள். தூங்கி வழிந்த பெண்ணை ஒரு பக்கம் அவள் பிடித்துக்கொண்டாள், இன்னொரு பக்கம் பெற்றவள் பிடித்துக்கொண்டாள். மூவரும் ஒவ்வொரு படியாக இறங்கி, சுகாதார நிலையத்துக்கு நடந்தார்கள்.